கோடிங் பயிற்சிக்கு வாங்கிய கடன்: தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. மென்பொருள் துறைக்கு மாற வேண்டும் என்ற ஆசையில், கணக்குப் பிரிவில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஆறு மாத இணையவழிக் கோடிங் பயிற்சியில் சேர்ந்தேன். ‘டெவலப்பர் வேலை உறுதி, கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப’ என்றார்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று தொலைபேசியில் பேசியவர் சொன்னதால், எனக்கும் அப்பாவுக்கும் வந்த ஓடிபி எண்களை அவரிடம் சொன்னோம். அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் என்பது பிறகுதான் தெரிந்தது. பயிற்சியின் பாதியில் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசி இரண்டு மாதங்கள் வெறும் பதிவு செய்த வீடியோக்கள். சந்தேகம் கேட்டால் அலட்சியமாகப் பேசினார்கள். சான்றிதழ் கொடுத்த பிறகு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு வேலையைக் காட்டினார்கள். மறுத்தேன். ‘நீங்கள் மறுத்ததால் உத்தரவாதம் முடிந்துவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து தவணையை நிறுத்தப் போகிறேன். மோசடி வழக்குப் போடலாமா? மற்றவர்களும் ஏமாறாமல் இருக்க, நடந்ததைச் சமூக வலைதளத்தில் எழுதலாமா?

பதில்: தவணையை நிறுத்தாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் ஆசிரியர்களைப் பற்றியும் வீடியோக்களைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பயிற்சியை முடித்துச் சான்றிதழையும் வாங்கிவிட்டீர்கள். ஆசிரியர்களை மாற்றும் உரிமையை இத்தகைய நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளும். அலட்சியமாகப் பேசியதற்கு எந்த ஆணையமும் பணம் வாங்கித் தராது. சட்டத்தின் முன் எடை உள்ளது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான்: ஓடிபி எண்களைச் சொன்னோம் என்பது. அந்த எண்களோடு நீங்கள் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுவிட்டீர்கள். ஒன்று பயிற்சி நிறுவனத்தோடு, மற்றொன்று நிதி நிறுவனத்தோடு. நிதி நிறுவனம் உங்களுக்காகப் பணத்தைக் கொடுத்துவிட்டது. பயிற்சி மோசமாக இருந்தது என்பது, கடனைத் திருப்பிக் கட்டாததற்குத் தானாகவே ஒரு பதில் ஆகிவிடாது.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ‘வகுப்பே நடக்கவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?’ என்று கோபத்தில் வங்கிக்குப் போய் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்துவிடுகிறார்கள், அல்லது கணக்கைக் காலியாக வைத்துவிடுகிறார்கள். பயிற்சி நிறுவனத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அதன் பணம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அடி விழுவது கடன் வாங்கியவர் மீது. கணக்கில் பணம் இல்லாமல் மின்னணுத் தவணை திரும்பினால், 2007-ஆம் ஆண்டு கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு பாய்கிறது. காசோலை திரும்புவதைப் போலவே அதுவும் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 90 நாள் நிலுவை தாண்டினால் அது வாராக் கடன். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் பதிவான பிறகு அந்தக் கறையைப் போக்குவது எளிதல்ல. பணியில் சேர்க்கும் முன் கடன் அறிக்கையைப் பார்க்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. எந்தத் துறையில் நுழையப் பணம் கட்டினீர்களோ, அந்தத் துறையின் கதவை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் அப்பாவையும் மறந்துவிடாதீர்கள். அவர் கைப்பேசிக்கும் ஓடிபி வந்தது என்றால், அவர் பெரும்பாலும் இணைக் கடன்தாரர். நீங்கள் தவறும் ஒவ்வொரு தவணையும் அவர் பெயரிலும் ஏறும். மீட்பு முகவர்கள் முதலில் அழைப்பதும் அவரைத்தான். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் கடனுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் பகல் முழுவதும் அழைக்கலாம்.

அப்படியானால் நிதி நிறுவனம் முற்றிலும் தப்பிவிட்டதா? இல்லை. டிஜிட்டல் கடன்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் உங்களுக்குத் துணை நிற்கின்றன. கடன் கொடுக்கும் முன், வட்டி, கட்டணம் போன்ற நிபந்தனைகளைச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையைத் தந்திருக்க வேண்டும். அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசம் இருந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் சார்பில் கடனுக்கு ஆள் பிடித்துத் தருபவர் செய்யும் தவறுக்கும் நிறுவனமே பொறுப்பு. உங்களோடு பேசியவர் ‘கடன்’ என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை என்றால், அந்த அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்ததா என்று இன்றே தேடுங்கள். வரவில்லை என்றால் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதே காரணத்தை வைத்து, நுகர்வோர் ஆணையத்தில் பயிற்சி நிறுவனத்தோடு நிதி நிறுவனத்தையும் எதிர் தரப்பாகச் சேர்த்து, தவணை வசூலுக்கு இடைக்கால உத்தரவு கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உத்தரவு கையில் கிடைக்கும் வரை கட்டிக்கொண்டே இருங்கள். மனு போட்டுவிட்டோம் என்பதற்காக நிறுத்திவிட்டு, முதல் விசாரணைக்கு முன்பே நோட்டீஸ் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி நிறுவனத்தின் மீது உங்களுக்கு இருக்கும் ஒரே வலுவான வாதம், நீங்கள் மறுத்த அந்த வேலை. ஒப்பந்தத்தில் ‘வேலை’ என்பதற்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டெவலப்பர் வேலை என்று இருந்தால், வாடிக்கையாளர் சேவை வேலையை மறுத்தது உங்கள் உரிமை. ‘தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏதேனும் ஒரு பணி’ என்று விரித்து எழுதியிருந்தால் நிலைமை கடினம். அப்போது விளம்பரம்தான் கைகொடுக்க வேண்டும். ‘டெவலப்பர் வேலை உறுதி’ என்ற அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட பயிற்சித் துறை விளம்பர வழிகாட்டுதல்கள் இத்தகைய பொய் உத்தரவாதங்களைத் தடுக்கின்றன. வேலை கிடைத்தவர்களின் உண்மையான கணக்கைத் தாக்கல் செய்யும்படி பயிற்சி நிறுவனத்துக்கு உத்தரவிடச் சொல்லி, உங்கள் மனுவை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்ற கோடிங் பள்ளி, தன் மாணவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைப்பதாக விளம்பரம் செய்தது. அதன் உள் கணக்கில் இருந்ததோ 50 சதவீதத்தை ஒட்டிய எண், சில சமயம் 30 வரை இறங்கியது. 2024-இல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தபோது அது வெளிப்பட்டது. விளம்பரத்துக்கும் உள் கணக்குக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் இந்த வழக்குகள் உயிர் பெறுகின்றன.

எதிர்த் தரப்பு இரண்டு தடைகளை எழுப்பும். முதலாவது, தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும் விதி. அதற்காகப் பயப்பட வேண்டாம். அப்படி ஒரு விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கிவிட்டது. இரண்டாவது தடை உண்மையானது: ‘நாங்கள் கல்வி நிறுவனம், கல்வி என்பது சேவை அல்ல.’ 2020-இல் மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம், தொழிற்கல்வி உள்ளிட்ட கல்வி தரும் நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே என்றும், கோச்சிங் மையங்கள் சட்டத்துக்கு உள்ளே என்றும் சொன்னது. கோடிங் பயிற்சி இந்த இரண்டில் எது என்பதில்தான் அவர்களுடைய வழக்கறிஞர் முழு நேரத்தையும் செலவிடுவார். அங்கீகாரம் பெற்ற பட்டம் எதையும் அவர்கள் தருவதில்லை என்பதை உங்கள் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்தத் தடை இருப்பதால்தான் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். முழுப் பணமும் கிடைக்காது. மீதக் கடன் முழுவதையும் பயிற்சி நிறுவனம் அடைத்துவிட்டால், இதுவரை கட்டியதை விட்டுக்கொடுக்கத் தயாராகுங்கள். அதுவே நல்ல முடிவு. வக்கீல் நோட்டீஸை இரு நிறுவனங்களுக்கும் ஒன்றாக அனுப்புங்கள்.

ஆனால் சமரசப் பத்திரத்திலும் ஒரு குழி இருக்கிறது. பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்புகிறோம், நீங்கள் கடனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மூன்று தவணையில் தருகிறோம் என்பார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். முதல் தவணை வந்தது, பிறகு வரவே இல்லை. பணம் பயிற்சி நிறுவனத்திலிருந்து நேரே நிதி நிறுவனத்துக்குப் போக வேண்டும், ஒரே தவணையில். கடனைக் குறைத்து முடிக்க நிதி நிறுவனம் முன்வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அப்படி முடிந்தால் கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், வேறு கடன் கேட்கும்போது அது உங்களுக்கு எதிராகவே பேசும். உங்களுக்கு வேண்டியது, முழுக் கடனும் அடைந்தது என்று காட்டும் ‘க்ளோஸ்டு’. அதற்கான என்ஓசி, அதாவது பாக்கி இல்லை என்ற ஆட்சேபமின்மைச் சான்று, உங்கள் பெயரிலும் அப்பாவின் பெயரிலும் வந்த பிறகே ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி நடைமுறைக்கு வரும் என்று பத்திரத்தில் எழுத வையுங்கள்.

மோசடி வழக்கு வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவான மோசடிப் பிரிவுக்கு, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். வகுப்பு நடந்திருக்கிறது, சான்றிதழ் வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், உங்கள் மாதங்கள் வீணாகும். சமூக வலைதளத்தில் எழுதுவதையும் சமரசம் முடியும் வரை தள்ளிப் போடுங்கள். ‘திருடர்கள்’ என்ற ஒரு சொல் போதும், அவர்கள் அவதூறு நோட்டீஸ் அனுப்ப. அதன் பிறகு பேச்சுவார்த்தையில் உங்கள் கை தாழ்ந்துவிடும்.

நுகர்வோர் புகாருக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டுகள். உத்தரவாதம் மறுக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணலாம் என்ற வாதம் உண்டு. அதை நம்பி இருக்காமல், கடன் வழங்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை இழுத்தால் அந்தத் தேதிக்கு முன் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, அதன் பிறகும் பேசலாம்.