"நீங்களே பார்த்துச் செய்யுங்க": கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு செவிலியர் கல்லூரியில் ஆசிரியை. அதற்கு முன்பு அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்ற பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிந்து, சிகிச்சை முடிவுகளில் அவரையும் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதும்போதே எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் காலை அதே மாணவிகள், கட்டில் போதாமல் தரையிலும் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுக்குத்தான் பயிற்சிக்குப் போகிறார்கள். ஊசி போட்டு, டிரிப் மாற்றி, நோட்டு எழுதி முடிப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டால் நம் நோயாளிகள், "எனக்கென்னம்மா தெரியும், நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்கிறார்கள். புற்றுநோய் என்றால் பிள்ளைகள் வாசலிலேயே மறித்து, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்கிறார்கள். தனிமனிதரை முன்னிறுத்தும் நாடுகளில் பிறந்த கருத்தை, குடும்பமாக முடிவெடுக்கும் நம் ஊரில் ஒட்டவைக்கப் பார்க்கிறோமோ? போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் டிரிப் போடச் சொல்லி அடம்பிடிக்கிறவருக்குப் போட்டுவிடுவதுதானே மிஸ், நோயாளியை மையப்படுத்துவது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சரியான பதில் வரவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவியின் கேள்வி நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதாவது ஏறத்தாழ 100 கலோரி. இரண்டு இட்லி தருவதும் அவ்வளவுதான். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது மருத்துவ உண்மை. நோயாளி கேட்டுவிட்டார் என்பதற்காக அது மாறிவிடாது. ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்பதும் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளும் உடம்பு அசதியாக இருக்கிறது, நாளையும் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும், போன முறை டிரிப் போட்டுக்கொண்டு படுத்து எழுந்தபோது தெம்பாக இருந்தது: இவ்வளவும் அந்த ஒற்றைக் கோரிக்கைக்குள் இருக்கக்கூடும். கேட்டதைக் கொடுத்து அனுப்புகிறவரும், "அதெல்லாம் தேவையில்லை" என்று திருப்பி அனுப்புகிறவரும் அவரிடம் எதையும் விசாரிக்கவில்லை என்ற அளவில் ஒன்றுதான். உடன்படுவதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை, விசாரிப்பதைத்தான் கேட்கிறார்கள்.

நோயாளியை மையப்படுத்துவது இனிமையாகப் பேசும் பழக்கம் என்றே மருத்துவர்களில் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். நோயறிதலிலும் சிகிச்சையிலும் பாதி வேலை அதுதான் என்பது என் கருத்து. என்னிடம் ஒரு சித்தாள் அம்மா வருவார். காலைச் சர்க்கரை எப்போதும் 300-க்கு மேல். "இன்சுலின் ஒழுங்காகப் போடுவதில்லை" என்று அவருடைய பழைய நோட்டில் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அளவும் நாலைந்து யூனிட் கூட்டப்பட்டிருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து ஊசி, சாப்பாடு, வேலை மூன்றும் எந்த வரிசையில் நடக்கின்றன என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. ஆறு மணிக்கு ஊசி. வெறும் டீயோடு ஆறரை பஸ். வேலையிடத்தில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது பத்து மணி. அவர் போட்டது 30/70 கலவை இன்சுலின், அதாவது வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது. அதைப் போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். இவருக்கோ ஒன்பது மணிக்குத் தலையில் செங்கல் சட்டியோடு நிற்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிப்போய், கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்துவிடுவோமோ என்று பயந்து, வேலை உள்ள நாட்களில் பாதி அளவு போட்டார். சில நாட்கள் போடாமலே போனார். எழுதிக் கொடுத்த அளவை அப்படியே போட்டிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அவருடைய கீழ்ப்படியாமை அறிவுள்ள கீழ்ப்படியாமை.

தீர்வு இரண்டு இருந்தது. ஊசியைப் பத்து மணிச் சாப்பாட்டுக்கு நகர்த்தலாம், அல்லது இரவில் ஒருமுறை மட்டும் போடும் நீண்ட நேர இன்சுலினுக்கு மாறி, கூடவே மாத்திரை எடுக்கலாம். இரண்டையும் சொன்னேன். மேஸ்திரிக்கும் மற்ற ஆட்களுக்கும் முன்னால் ஊசி போட்டுக்கொள்ள முடியாது, சர்க்கரை இருப்பது தெரிந்தால் மேல்மாடி வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், கூலி குறையும் என்றார். ஆக, இரவு ஊசி. எந்த மருந்து எந்த நேரத்தில் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். அவருடைய நாள் எப்படி நகர்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இரண்டும் சேராமல் அந்தச் சீட்டை எழுதியிருக்க முடியாது.

இனி நேரத்தைப் பற்றி. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடிகளில் நோயாளியின் பேச்சை இடைமறித்தார்கள் என்று காட்டியது. 2002-இல் சுவிட்சர்லாந்தில், மருத்துவர்களை இடைமறிக்காமல் கேட்கச் சொல்லி நேரத்தைக் குறித்துப் பார்த்தார்கள்: நோயாளிகள் சராசரியாக 92 விநாடிகளில் தாங்களாகவே பேசி முடித்தார்கள். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற நம் அச்சத்துக்கு அவ்வளவு ஆதாரமில்லை. ஆனால் இதைச் சொல்லி உங்கள் மாணவிகளைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஒரு நோயாளியைப் பார்க்க மருத்துவர் செலவிடும் நேரத்தைப் பல நாடுகளில் ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில் ஸ்வீடனுக்கு 22 நிமிடத்துக்கும் மேல் கிடைத்தது. வங்கதேசத்துக்குக் கிடைத்தது 48 விநாடி. இந்தியாவின் கணக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் 92 விநாடியைப் பேச்சுக்குக் கொடுத்தால் மீதியில் என்ன செய்வது என்று ஒரு மருத்துவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையை இருக்கிறவர்களின் பொறுமையால் ஈடுகட்டச் சொல்லும் நிர்வாகத்தின் வாயில் 'நோயாளியே மையம்' என்ற வாசகத்தைக் கேட்டால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு நிற்கும் செவிலியரிடம் கனிவை எதிர்பார்க்கும் முன்பு அவரை யாராவது மனிதராக நடத்தியிருக்க வேண்டும்.

அதே சமயம், செவிலியருக்கு மருத்துவரைவிடக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. சுகர் பார்க்க விரலில் குத்தும்போதும், முதுகைத் துடைத்துவிடும்போதும் நோயாளி பேசுகிறார். ரவுண்ட்ஸின்போது வாய் திறக்காதவர் அப்போது திறக்கிறார். அப்படிக் கிடைத்த தகவல் ரவுண்ட்ஸுக்குப் போய்ச் சேர வழியில்லை என்பதுதான் நம் வார்டுகளின் பெருங்குறை. மருத்துவர் கேட்பது சூடு, பிரஷர், சிறுநீர் அளவு மட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இதையே யோசிக்கிறேன். வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் அந்த வீட்டின் அடுப்படியைப் பார்க்கிறார், மாத்திரை அட்டை பாதி அப்படியே கிடப்பதைப் பார்க்கிறார். அவர் பார்த்தது ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசைக்கு வருமானால், அதற்கு நிகரான சோதனை எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

இது வெளிநாட்டுச் சரக்கா என்பது உங்கள் அடுத்த ஐயம். வலியை உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் என எல்லாமுமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவரானவர். 1967-இல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கினார். அந்தக் கருத்து 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் வழியாக வந்தபோது உருவம் மாறியது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதோடு, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றும் விசாரித்தார்கள். 2008-இல் கேரள அரசு வலி, தணிப்புப் பராமரிப்புக்கென்றே (நோயின் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) ஒரு கொள்கையை வெளியிட்டது. லண்டனில் ஒரு கட்டடத்துக்குள் நடந்தது இங்கே ஊராக நடந்தது. குடும்பமும் அக்கம்பக்கமும் இக்கருத்துக்குத் தடையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் மலப்புறத்தைத்தான் காட்டுவேன்.

"நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்பதையும் ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்த பிறகு ஒருவர் தன் முடிவை மருத்துவரிடமோ மகளிடமோ ஒப்படைத்தால் அது அவர் உரிமை. விவரம் எதுவும் சொல்லாமலே அந்த வாக்கியத்தைப் பெற்றுக்கொள்வதுதான் பிழை. அவர் சார்பில் குடும்பம் தானாக முன்வந்து ஒப்புதல் தருவதும் செல்லாது: சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், தானே முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த ஒருவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கூறியது.

வாசலில் மறிக்கும் பிள்ளைகளோடு சண்டை வேண்டாம். அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் கலந்த அவர்களுடைய அன்பு உண்மையானது. "அவராக ஏதாவது கேட்டாரா?" என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேட்டிருப்பார். 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை மாட்டிய கதவு வழியாக வாரம் ஐந்து நாள் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க அழைத்துப் போகிறவரிடம் எதை மறைப்பது? பெரியவரிடம், "உங்கள் உடம்பைப் பற்றி எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லவா, மகனிடம் சொன்னால் போதுமா?" என்று கேளுங்கள். மகனிடமே பேசச் சொல்கிறவர்கள் உண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். "எவ்வளவு நாள் என்று மட்டும் சொல்லுங்க, பத்திரத்தை முடிக்கணும்" என்பவர்களும் உண்டு. அவர்களிடம் மறைத்தால் அந்தக் குடும்பத்துக்கே நஷ்டம்.

வகுப்பறைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். வார்டுக்குப் போகும் மாணவிகளிடம் பெரிய கொள்கை எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். நோட்டில் "மாத்திரை எடுப்பதில்லை", "ஒத்துழைப்பதில்லை", "சாப்பிட மறுக்கிறார்" என்று எழுத நேரும்போது, பக்கத்திலேயே "ஏன்" என்பதற்கு நோயாளி சொன்ன பதிலையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரணம் கேட்காமல் அப்படி எதையும் எழுதக் கூடாது என்று மட்டும் விதி வையுங்கள். பருவ முடிவில் அந்த "ஏன்" வரிகளையெல்லாம் தொகுத்து, மருத்துவப் பிரிவின் தலைவர் முன்னிலையில் மாணவிகளையே படிக்கச் சொல்லுங்கள். டிரிப் கேள்வி கேட்ட பெண் முதலில் படிக்கட்டும்.