மவுஸ் பிடித்துப் பழகாதவருக்கு எந்த கேம்? கேள்வி பதில்

ஒரு காலத்தில் சின்ன ஊரில் பிரௌசிங் சென்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறை மவுஸைத் தொடுகிறவர்களை தினமும் பார்க்கிற வேலை. அந்த அனுபவத்தில்தான் இந்தப் பதில்கள். "புதுசாக ஆடுகிறவருக்கு எந்த கேம் நல்லது" என்று கேட்டு வந்தவற்றில் திரும்பத் திரும்ப வந்ததை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, எனக்கு வயது 34. கேம் ஆடியதே இல்லை. கணவர் போர்ட்டல் என்கிற கேமைப் போட்டுக் கொடுத்து "இதுதான் ஈஸி" என்றார். பத்து நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அப்புறம் சுவரில் முட்டிக்கொண்டே நின்றேன். எனக்கு வராதா?

வரும். உங்களுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கிறது, சின்ன வயதில் நடந்ததால் மற்றவர்களுக்கு மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். நிஜத்தில் நடக்கும்போது காலும் கழுத்தும் தனித்தனி என்று நாம் நினைப்பதே இல்லை. இந்த மாதிரி கேமில் கால் இடது கையில் (டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு கீ), கழுத்து வலது கையில் (மவுஸ்). இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது சைக்கிள் பழகுகிற மாதிரி. ஒருவர் விளக்கிச் சொன்னால் வராது, திடீரென்று ஒருநாள் வந்துவிடும்.

ஒன்று செய்யுங்கள். முதலில் கீபோர்டைத் தொடவே வேண்டாம். நின்ற இடத்தில் மவுஸை மட்டும் அசைத்து, கதவின் மேல் மூலை, விளக்கு, தரையில் கிடக்கிற பொருள் என்று ஒவ்வொன்றையும் திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அது கைக்கு வந்ததும் டபிள்யூ ஒன்றை மட்டும் அழுத்தி, திரும்புவதையெல்லாம் மவுஸால் செய்யுங்கள். ஏ, டி இரண்டையும் முதல் இரண்டு நாள் மறந்துவிடுங்கள். புதியவர்கள் சுவரில் முட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், திரும்ப வேண்டிய இடத்தில் ஏ, டி அழுத்துவதுதான். அது திரும்பாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும்.

உங்கள் கணவரின் தேர்வு தப்பில்லை. 2007இல் வந்த போர்ட்டல் மாதிரி பொறுமையாகச் சொல்லித் தருகிற கேம் குறைவு. முதலில் ஒரு கண்ணாடி அறைக்குள் நிற்க வைக்கும், கையில் எதுவும் தராது. கொஞ்சம் தள்ளித்தான் துப்பாக்கி கிடைக்கும். ஆளைச் சுட அல்ல, சுவரில் வட்ட வாசல் போட; ஒரு வட்டத்தில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். அதிலும் முதலில் நீல வட்டம் மட்டும். ஆரஞ்சு வட்டத்தையும் நீங்களே போடுவது 11ஆம் அறையிலிருந்துதான். ஆனால் நடக்கத் தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் இடிக்கிறது. அதனால் ஒரு வாரம் பவர்வாஷ் சிமுலேட்டர் ஆடிவிட்டு வாருங்கள். அழுக்கு வண்டியையும் வீட்டையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதுதான் கேமே. கடிகாரம் ஓடாது, யாரும் சுட மாட்டார்கள், ஆனால் நடப்பதும் பார்ப்பதும் குறிவைப்பதும் துப்பாக்கி கேமில் உள்ள அதே முறை. மூலையில் ஒட்டியிருக்கிற கடைசி அழுக்கைத் தேடும்போது கை தானாகப் பழகியிருக்கும்.

கணவருக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் உட்காருங்கள், மவுஸைப் பிடுங்காதீர்கள்.

அம்மாவுக்கு 61 வயது. ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தோம். டபுள் கிளிக் வரவே இல்லை, கோபம் வருகிறது. கேமெல்லாம் அவருக்குப் பிடிக்குமா தெரியவில்லை.

சீட்டு ஆடுவாரா? அப்படியென்றால் சாலிடேர். நேரம் போக்குவதற்காக மட்டும் சொல்லவில்லை. 1990இல் விண்டோஸ் 3.0வில் மைக்ரோசாஃப்ட் சாலிடேரைச் சேர்த்தபோது, மவுஸே பார்க்காத மக்களுக்கு "பிடித்து இழுத்து விடு" என்பதைப் பழக்குவதும் அதன் வேலையாக இருந்தது. 1992இல் 3.1வோடு வந்த மைன்ஸ்வீப்பர் இடது கிளிக், வலது கிளிக் இரண்டையும் பழக்கியது.

சென்டரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார். மவுஸை மேஜை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போவார், அங்கே நின்றுவிடும், அம்புக்குறியோ திரையின் பாதியில் நிற்கும். "இடம் தீர்ந்துபோச்சு தம்பி" என்பார். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டு மறுபடி தள்ளலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நமக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. அம்மாவுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள். டபுள் கிளிக் வராததற்கு வழக்கமான காரணம், இரண்டு கிளிக்குக்கு நடுவில் மவுஸ் லேசாக நகர்ந்துவிடுவது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றச் சொல்லுங்கள். விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து, அம்புக்குறியைப் பெரிதாக்கிவிடுங்கள்.

சாலிடேர் சலித்ததும் அன்பேக்கிங் கொடுத்துப் பாருங்கள், 2021இல் வந்தது. ஒரு பெண் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள், நாம் பெட்டியைப் பிரித்துச் சாமான் அடுக்க வேண்டும். கதை வார்த்தையில் இல்லை, சாமான்களில் இருக்கிறது. "இந்தப் பொருள் இங்கே வைக்கக் கூடாது" என்று கேம் அடம்பிடித்தால், எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். பாத்திரத்தைக் குளியலறையில் வைத்துவிட்டு சிரிக்கட்டும்.

ப்ரோ, போன்ல பிஜிஎம்ஐ துப்பாக்கி கேம் நாலு வருஷமா ஆடுறேன், நல்லா ஆடுவேன். பிசி வாங்கி வாலரன்ட்னு ஆன்லைன் துப்பாக்கி கேம் போட்டேன். யார் சுடுறாங்கன்னு தெரியறதுக்குள்ள செத்துப்போறேன்.

தம்பி, உன் மூளைக்கு ஆட்டம் தெரியும், கைக்குத் தெரியாது. போனில் கட்டைவிரலை லேசாகத் தள்ளினால் மெதுவாக நடக்கும், முழுக்கத் தள்ளினால் ஓடும். கீபோர்டில் ஒரு கீ அழுத்தியிருக்கிறது அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. அதோடு வாலரன்ட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு கண்ட இடத்துக்குப் போகும். நின்று சுட வேண்டும். போனில் நீ பழகியது அதற்கு நேர் எதிர்.

மவுஸ் வேகத்தைக் குறை. புதியவர்கள் எல்லோரும் அதிகமாக வைத்துக்கொள்கிறார்கள். டிபிஐ (மவுஸின் வேக அளவு) 800 போதும், மவுஸ் பேடின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் இழுத்தால் ஏறக்குறைய பின்பக்கம் திரும்புகிற அளவுக்கு கேமுக்குள் வேகத்தை வை. விண்டோஸில் "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடு. அது இருந்தால் கையை வேகமாக அசைக்கும்போது அம்புக்குறி கூடுதல் தூரம் போகும், ஒரே தூரம் என்று கை கணக்கு வைக்க முடியாது. நிறைய கேம்கள் இப்போது அதைக் கண்டுகொள்வதில்லை, ஆனாலும் எடுத்துவிடு.

அப்புறம், ஆன்லைனை இரண்டு வாரம் மூடி வை. ஹாஃப் லைஃப் 2 ஈஸியில் ஆடு. 2004 கேம்தான், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆரம்பத்தில் துப்பாக்கியே தராமல் ஊருக்குள் நடக்கவிடும். ஒரு காவலன் தகரக் குவளையைத் தட்டிவிட்டு "எடு" என்பான். நீ எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடலாம், அல்லது அவன் மேலேயே எறிந்துவிட்டு ஓடலாம். பொருளை எடுக்கிற கீயும் எறிகிற கிளிக்கும் அங்கேயே படிந்துவிடும். வாலரன்ட்டுக்குத் திரும்பியதும் நேராக மேட்சுக்குப் போகாதே, பயிற்சி மைதானத்தில் தினமும் கொஞ்ச நேரம் பொம்மைகளைச் சுடு.

வணக்கம் அண்ணா. பரிஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது. கேம் சொல்கிற எழுத்துகள் எங்கள் கீபோர்டில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன, நடக்கவே முடியவில்லை.

பிரெஞ்சு கீபோர்டில் அப்படித்தான். மற்ற நாட்டில் டபிள்யூ இருக்கிற இடத்தில் உங்களுக்கு இசட், ஏ இருக்கிற இடத்தில் க்யூ. அங்கே உள்ள பிள்ளைகள் இசட், க்யூ, எஸ், டி என்றுதான் ஆடுகிறார்கள். புதிய கேம்கள் நிறைய இதைத் தானாகக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். பழையவை மாற்றாது, கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் நீங்களே மாற்ற வேண்டும். அதற்கும் இடம் தராத கேம் என்றால், விண்டோஸில் அமெரிக்க ஆங்கில கீபோர்டையும் சேர்த்துவிட்டு, ஆடும் நேரத்தில் மட்டும் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி மாறிக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் தட்டச்சு வைத்திருந்தாலும் இதே பிரச்சினை வரும், இதே வழிதான்.

9 வயதுக்கு மைன்கிராஃப்ட். இஷ்டத்துக்குக் கட்டி விளையாடுகிற கிரியேட்டிவ் முறையில் தொடங்கட்டும், ஸ்பேஸை இரண்டு தடவை தட்டினால் பறக்கலாம், மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கையில் உள்ள பொருள் மாறும். பிறகு உயிர் பிழைத்து ஆடுகிற சர்வைவல், ஆனால் பீஸ்ஃபுல் நிலையில்: பூதம் வராது, பசியும் எடுக்காது. இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் ஜிகாம்ப்ரி. இலவசம், மவுஸ் பிடிக்கவென்றே சின்னச் சின்ன விளையாட்டுகள் உண்டு. பெயரே "எனக்குப் புரிந்தது" என்கிற பிரெஞ்சு வாக்கியத்திலிருந்து வந்தது, உங்கள் வீட்டுக்குப் பொருத்தம்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், மவுஸ் இல்லை. டச்பேடிலேயே பழகலாமா?

சில நூறு ரூபாய் சேர்த்து வயர் மவுஸ் ஒன்று வாங்கு, அதுவரை காத்திரு. டச்பேடில் நடந்துகொண்டே திரும்ப முடியவில்லை என்று நிறையப் பேர் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். டைப் அடிக்கும்போது உள்ளங்கை பட்டு அம்புக்குறி குதிக்கக் கூடாது என்பதற்காக, கீ அழுத்தியிருக்கும்போது டச்பேடைக் கண்டுகொள்ளாமல் விடுகிற ஏற்பாடு பல லேப்டாப்பில் உண்டு. உன் மேல் குற்றமில்லை. மவுஸ் வரும்வரை எ ஷார்ட் ஹைக் ஆடு, கீபோர்டு மட்டும் போதும், ஒரு மாலையில் முடியும். அப்புறம் ஸ்டார்டியூ வேலி. உன் லேப்டாப் தாங்கும். வயலில் நீர் பாய்ச்சுவதற்குள் இரண்டு கையும் பழகிவிடும், தேர்வு நேரத்தில் மட்டும் தொடாதே.

ஓடுவதற்கு ஷிஃப்ட் அழுத்தினால் நடுவில் ஏதோ பெட்டி வந்து கேமே வெளியே போய்விடுகிறது. வைரஸா?

இல்லை, ஸ்டிக்கி கீஸ் என்கிற விண்டோஸ் வசதி. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் வரும். செட்டிங்கில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: பிரௌசரிலேயே ஆடுகிற துப்பாக்கி கேமில் கன்ட்ரோல் கீயால் குனிந்துகொண்டு டபிள்யூவால் முன்னே போனீர்களென்றால் டேபே மூடிக்கொள்ளும், பிரௌசருக்கு அந்த இரண்டு கீயும் சேர்ந்தால் "டேபை மூடு" என்று அர்த்தம். நான் மூன்று தடவை ஏமாந்திருக்கிறேன்.

தம்பி, அரை மணி நேரம் ஆடினால் தலை சுற்றி வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது. வயது 52.

உடனே நிறுத்துங்கள் சார், பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்வைக் கோணத்தை, செட்டிங்கில் எஃப்ஓவி என்று இருக்கும், கூட்டிப் பாருங்கள். மோஷன் பிளர் (அசையும்போது படம் மங்குவது), நடக்கும்போது தலை ஆடுவது இரண்டையும் அணையுங்கள், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், விளக்கு எரியட்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மேலிருந்து பார்க்கிற கேமுக்கு மாறிவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இருக்கிறதே! அதில் வில்லியம் வாலஸ் கதை முழுக்கவே புதியவருக்குப் பாடம்தான், ஆளைத் தேர்ந்தெடு, வலது கிளிக் செய்து நடக்க வை என்று தொடங்கும். அது முடிந்ததும், 2022இல் வந்த இந்திய அரச வம்சங்கள் தொகுப்பைத் தனியாக வாங்கினால், அதில் திராவிடர் என்றே ஓர் இனம் உண்டு, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதையும் உண்டு. கப்பலேறிப் போகும்போது தலை சுற்றாது.

எனக்கு இடது கை பழக்கம்.

மவுஸை எந்தக் கையில் பிடித்துப் பழகினீர்களோ அதிலேயே தொடருங்கள். இடது கையில் என்றால் நடக்கிற கீகளை ஐ, ஜே, கே, எல்லுக்கு மாற்றுங்கள். மாற்ற விடாத கேமை வாங்காதீர்கள்.

வாங்கிப் பிடிக்காவிட்டால் காசு போச்சா?

ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் திருப்பித் தருவார்கள். புதியவர் முதல் மெனுவிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், அந்த நேரமும் கணக்கில் சேரும். கவனம்.

நாங்கள் பள்ளியில் ஆடிய டேவ், பிறகு ஐஜிஐ, வைஸ் சிட்டி. அதையே 12 வயது மகளுக்குக் கொடுத்தால் என்ன?

டேவ் கொடுக்கலாம், ஆனால் அது அம்புக்குறி கீகளில் ஓடுகிற கேம், மவுஸுக்கு அதில் வேலையே இல்லை. ஐஜிஐயில் மிஷன் நடுவில் சேவ் கிடையாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் போய் கடைசியில் ஒருவன் சுட்டு, மறுபடி முதலிலிருந்து. நமக்கு அந்த வயதில் வேறு கேம் இல்லை, அதனால் பொறுத்துக்கொண்டோம். வைஸ் சிட்டி பெரியவர்களுக்கானது, அதோடு அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனை நினைத்தாலே எனக்கு இன்னும் விரல் வலிக்கிறது. மகளுக்கு ஸ்லைம் ரேன்ச்சர் வாங்கிக் கொடுங்கள், குழகுழ பிராணிகளை உறிஞ்சிப் பிடித்துப் பண்ணை வைக்கிற கேம், துப்பாக்கி கேமுக்கு வேண்டிய கைப்பழக்கம் முழுக்க அதிலேயே வந்துவிடும்.

அம்புக்குறி கீயை விட்டுவிட்டு ஏன் இந்த நாலு எழுத்து?

1993இல் டூம் என்கிற துப்பாக்கி கேம் வந்தபோது அம்புக்குறிதான். மவுஸால் பார்ப்பது பெரிதானதும் அம்புக்குறிகள் மவுஸை முட்டிக்கொண்டு நின்றன, இடது கைக்குச் சுற்றிலும் வேறு கீயும் எட்டவில்லை. 1997இல் குவேக் என்கிற துப்பாக்கி கேம் போட்டியில் வென்று கேமை உருவாக்கியவரின் ஃபெராரி காரையே பரிசாக வாங்கிப்போன த்ரெஷ் என்கிற ஆட்டக்காரர் இந்த நாலு எழுத்தில் ஆடினார், பார்த்தவர்கள் பலரும் மாறினார்கள். அடுத்த வருஷம் வந்த ஹாஃப் லைஃபில் அதுவே முதலிலிருந்து இருந்தது.

அண்ணா, 34 வயது நான்தான் மறுபடி. வேனைக் கழுவி முடித்துவிட்டேன், கண்ணாடி அறையை விட்டும் வெளியே வந்துவிட்டேன்! டபிள்யூவை விடாமல் குதிக்க வேண்டும் என்கிறது, ஸ்பேஸை எந்த விரலால் அழுத்துவது?

இடது கட்டைவிரல். அது இவ்வளவு நேரம் சும்மாதானே இருந்தது.