பஸ்காலின் ‘சிந்தனைகள்’: எண்கள் ஏன் பொருந்துவதில்லை

உவர்மலை வாசிப்பு வட்டத்தில் உங்கள் பிரதியும் நண்பரின் பிரதியும் எண்ணில் ஒத்துவரவில்லை, நடையும் துண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அச்சுப் பிழை இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளரும் சிந்தனையாளருமான பஸ்கால் 1662இல் இறந்தபோது விட்டுப்போனவை முடிக்காத குறிப்புகள், 1670இல்தான் அச்சேறின. பிறகு வந்த பதிப்பாசிரியர்கள் தத்தம் போக்கில் அடுக்கினார்கள். கடவுள் இருக்கிறார் என்று பந்தயம் கட்டுவதே லாபம் என வாதிடும் பந்தயப் பகுதி, பதிப்பாசிரியர் பிரன்ஷ்விக்கின் வரிசையில் 233, இன்னொரு பதிப்பாசிரியரான லாஃபுமாவின் வரிசையில் 418. யாருடைய வரிசை என்பதை முன்னுரையில் பாருங்கள்.

பந்தயத்தில் தொடங்காதீர்கள், கணக்கு வாதத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். மனிதனைச் சிந்திக்கும் நாணல் என்று சொல்லும் பகுதியை (பிரன்ஷ்விக்கில் 347, லாஃபுமாவில் 200) வாய்விட்டு வாசியுங்கள். மனிதனைக் கொல்ல ஒரு துளி நீரே போதும் என்று தாழ்த்துகிறார். உடனே, சாவதை அவன் அறிவான், பிரபஞ்சம் எதையும் அறியாது என்று தூக்கிவிடுகிறார். அந்தத் திருப்பம்தான் அவர் நடை. அடுத்து, மனிதர் தம் நிலையை மறக்கக் கேளிக்கைகளைத் தேடுவதைப் பற்றிய லாஃபுமா 136, கொஞ்சம் நீளம், ஆனால் விடாதீர்கள்.