கறவை மாடு வாங்கும்போது: கேள்வி-பதில்

கேள்வி: கண்ணெதிரே 6 லிட்டர் கறந்து காட்டி, 'இரண்டு வேளைக்கு 12 லிட்டர்' என்று சொல்லி ஜெர்சி கலப்பின மாட்டைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து 3 வாரமாகியும் 7 லிட்டரைத் தாண்டவில்லை. தீவனம் போதவில்லையா, ஏமாந்துவிட்டோமா?

பதில்: வண்டியில் வந்த அலுப்பு, புது இடம், புதுக் கை, மாறிய தீவனம் இவற்றால் முதல் சில நாள் பால் குறையும். பத்து நாளுக்குள் ஏறத் தொடங்க வேண்டும். தீவனக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நாளொன்றுக்கு மாட்டின் உடம்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்று அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது). பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, வைக்கோல் 4 முதல் 5 கிலோ, தண்ணீர் குடிக்கும் அளவுக்கு. குறைவாக இருந்தால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் அள்ளி வைத்தால் வயிறு புளித்து மாடு தீனியே எடுக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் 7 லிட்டர்தான் என்றால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தேக்கி வைத்த பால். முந்தைய வேளை கறக்காமல் விட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் பால் ஒரே கறவையில் வந்துவிடும். அதை இரண்டால் பெருக்கிச் சொல்லியிருக்கிறார்கள். தேக்கிய மடியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: தோல் பளபளவென்று இழுபட்டிருக்கும், காம்புகள் வெளிப்பக்கமாக விறைத்து நிற்கும், பால் தானாகச் சொட்டும், மாடு பின்னங்கால்களை அகட்டி நடக்கும்.

அடுத்த முறை விற்பவரின் கொட்டகைக்கே போங்கள். மாலையில் முழுக்கக் கறக்கச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பால் கணக்கில் சேராது. 12 மணி நேரம் கழித்துக் காலையில் கறப்பது, அன்று மாலை கறப்பது இரண்டையும் கூட்டினால்தான் ஒரு நாள் பால். நுரையோடு படியில் அளக்காமல், வாளியின் எடையைக் கழித்துத் தராசில் நிறுங்கள். 1 லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ.

கறந்து முடித்ததும் மடியைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பால் மடி காற்றுப் போன பைபோலச் சுருங்கித் தொங்கும். பெருத்தபடியே இருந்தால் அது சதை மடி, பார்க்கப் பெரிதாக இருந்தாலும் பால் குறைவு. நான்கு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டால், மடிநோய் இருக்கும் காம்பின் பாலில் திரி திரியாகத் தெரியும். ஆனால் மறைந்திருக்கும் மடிநோய் இதில் தெரியாது. அதற்கு மருத்துவரிடம் பால் சோதனை செய்வதே நல்லது.

கேள்வி: 'கன்று போட்டு 15 நாள்' என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கன்றை ஊட்டவிட்டுப் பாருங்கள். சொந்தக் கன்றென்றால் மாடு முகர்ந்து நக்கும். வேறு கன்றென்றால் பெரும்பாலும் உதைத்துத் தள்ளும். இதைக் கேட்பது வீண் சந்தேகம் இல்லை. கன்று ஈன்ற 6 முதல் 8 வாரத்தில் பால் உச்சத்துக்குப் போய், பிறகு மாதாமாதம் இறங்கும். ஐந்தாம் மாத மாட்டோடு சின்னக் கன்றைக் கட்டி விற்றால், இறங்குகிற பாலுக்கு ஏறுகிற பாலின் விலையைக் கொடுப்பீர்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்து (கன்று போட்ட முறை) மாடாகத் தேடுங்கள்.

கேள்வி: மாட்டின் உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் சுழியைப் பார்க்க வேண்டுமா?

பதில்: பாலுக்கும் சுழிக்கும் தொடர்பில்லை. ஆனால் நீங்கள் திருப்பி விற்கும்போது வாங்குபவர் சுழியைச் சொல்லி விலையைக் குறைப்பார். அதே காரணத்தைச் சொல்லி இப்போது நீங்களும் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: சினை மாடு என்று சொன்னால்?

பதில்: வயிற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கால்நடை மருத்துவர் கையை உள்ளே விட்டுச் சோதித்துச் சொன்ன பிறகே முழுப் பணம் கொடுங்கள். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள 12 இலக்க எண்ணும் மாட்டின் காதுவில்லை எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண்ணையும் விலையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், மாட்டின் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும்போதும் கைகொடுக்கும்.