கூரையும் பெயரும், கழிவும் புதையும்: கான்கிரீட் கேள்வி பதில்

இருபது வருடமாகச் சிங்கப்பூரில் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நிலத்தடியில் புதைக்கும் அணுக்கழிவுக்குக் கான்கிரீட் காவல் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

மீனா, செங்காங்: அண்ணே, அம்மா இருக்கும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறைக் கூரையே பெயர்ந்து விழுகிறது. கதிரியக்கக் கழிவுக்கு இதையா நம்புவது?

கூரையைக் கெடுப்பது உள்ளே இருக்கும் கம்பி. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல இறங்கிச் சிமென்ட்டின் காரத்தைத் தின்றுவிடும். காரம் போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பும், கான்கிரீட் வெடிக்கும். துண்டு ஒன்றைப் புதிதாக உடைத்து பீனால்ப்தலீன் என்ற, காரத்தைக் காட்டும் திரவத்தைத் தெளித்தால் காரமுள்ள பகுதி பளீரென்று ரோஜா நிறமாகும். காரம் போன ஓரம் சாம்பலாகவே நிற்கும். எத்தனை முறை தெளித்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை இது. கழிவுக் கிடங்கை மூடிய பிறகு நீர் நிறைந்துவிடும் பாறைக்குள் அந்தக் காற்றோட்டம் கிடையாது.

குமார், ஈசூன்: விரிசல் விட்டால்?

விடும் என்று வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள். கான்கிரீட் வெறும் சுவர் இல்லை. அதன் துளைகளில் நிற்கும் நீரின் பிஎச், அதாவது கார அளவு, 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் புளூட்டோனியம் மிகக் கொஞ்சமே கரையும்; கரைந்த கொஞ்சமும் பெரும்பாலும் சிமென்ட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். நிலத்தடி நீர் ஆமை வேகத்தில் நகரும் இடத்தில், காரத்தைத் தரும் சுண்ணாம்பு கழுவிப் போக ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும். கழிவிலுள்ள சீசியம்-137க்கு அவ்வளவு தேவையில்லை, 300 வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அயோடின்-129தான் தலைவலி: சரியாக ஒட்டாது, அரை ஆயுளோ (பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஒன்றரைக் கோடி வருடத்துக்கு மேல். அதற்குப் பாறையைத்தான் நம்ப வேண்டும்.

ரவி, தேக்கா: எங்காவது நிஜமாகச் செய்கிறார்களா?

சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில், பால்டிக் கடலடிக்குக் கீழே சுமார் 60 மீட்டரில், 1988 முதல். குறைந்த, நடுத்தரக் கதிரியக்கக் கழிவுக்கு. அங்குள்ள கான்கிரீட் சைலோவை (உயரமான உருளைத் தொட்டி) சுற்றிப் பெண்டோனைட் களிமண் உண்டு. இதில் ஒரு மாமியார் மருமகள் சண்டை இருக்கிறது: சிமென்ட்டின் காரநீர் பெண்டோனைட்டை அரிக்கும். அதனால் பின்லாந்தின் ஓங்கலோ அணுக்கழிவுக் கிடங்கில் பாறை விரிசல்களை அடைக்க, பிஎச் 11க்குக் கீழே நிற்கும் சிமென்ட்டை உருவாக்கினார்கள்.

செல்வி, உட்லண்ட்ஸ்: காற்றே இல்லையென்றால் கம்பி துருப்பிடிக்காதுதானே?

பிடிக்கும், ரொம்ப மெதுவாக. அப்போது ஹைட்ரஜன் வரும். அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறும் என்பதால் சைலோவில் வாயு வெளியேற வழி விடுகிறார்கள்.

மீனா: சரிண்ணே, எங்கள் கூரைக்கு என்ன செய்ய?

நீளமான குச்சியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்துக்குக் கீழே அம்மாவை நிற்க விடாதீர்கள்.