நான்கு பாடத்துக்கும் ஒரே புயல் போதும்

காரைக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை கேட்கிறார்: "புயலை அறிவியல், கணக்கு, சமூக அறிவியல், தமிழ் நான்கிலும் சேர்த்து நடத்த ஆசை. இணையத்தில் தேடினால் ஏகப்பட்டது வருகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். பள்ளியில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட் போர்டு. நெட் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

தளம் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் ஒரு புயலைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊருக்கு அது கஜாதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, மேற்கே நகர்ந்து, கடைசியில் அரபிக்கடலில் இறங்கியது. உங்கள் மாணவர்களுக்கு அந்த இரவு நினைவிருக்காது. வீட்டில் அப்பத்தாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

இணையத்தில் இதற்கு இரண்டு தளங்கள் போதும், இரண்டுக்கும் ஆங்கிலம் அதிகம் வேண்டாம். நாசாவின் வேர்ல்ட்வியூவில் தேதியை மாற்றினால் அன்றைய செயற்கைக்கோள் படம் வரும். நவம்பர் 11 முதல் 16 வரை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பாருங்கள். எர்த் நல்ஸ்கூல் (earth.nullschool.net) தளத்தில் அதே நாட்களின் காற்று கோடு கோடாகச் சுழல்வது தெரியும், தொட்ட இடத்தில் அதன் வேகமும் திசையும் வரும். முந்தின நாள் வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து பென்டிரைவில் கொண்டுபோய்விட்டால் நெட்டை நம்பி நிற்க வேண்டாம்.

அறிவியல் வகுப்பில் நான் அதிக நேரம் ஒதுக்குவது ஒரே கேள்விக்கு: காற்று எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது? நம் வடகோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். அப்படியென்றால் புயல் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கும்போது காற்று வடக்கிலிருந்து அடிக்க வேண்டும், நம்மைத் தாண்டி மேற்கே போனபின் தெற்கிலிருந்து. இதைப் பிள்ளைகளே படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் வீட்டுக்குப் போய், "கஜா அன்னிக்கு மரம் எந்தப் பக்கம் சாய்ஞ்சது? காற்று நடுவுல திசை மாறுச்சா?" என்று பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். சிலருடைய பதில் படத்தோடு பொருந்தும், சிலருடையது பொருந்தாது. ஏன் என்று பேசுவதே நல்ல பாடம். ஒரு எச்சரிக்கை: பூமி சுழல்வதால்தான் கை கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குகிறது என்று காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது தவறு. அவ்வளவு சிறிய தொட்டியில் பூமிச் சுழற்சியின் விளைவு தெரியவே தெரியாது. வட்ட அட்டையின் நடுவில் குண்டூசி குத்தி, ஒருவர் சுற்ற இன்னொருவர் நேர்கோடு போடட்டும். கோடு தானாக வளையும். புரிய அது போதும்.

கணக்குக்கு உங்கள் ஊர் வீடே இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். செட்டிநாட்டு வீடுகளில் கூரைத் தண்ணீர் முற்றத்தில் ஏன் இறங்கும்படி கட்டினார்கள் என்பது அப்போது புரியும். காற்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால் காற்றின் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வர்க்கம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சமூக அறிவியலுக்கு எச்சரிக்கைக் கூண்டு. பாம்பனில் ஏற்றும் கூண்டு எண் செய்தியில் வரும்போதெல்லாம் அதன் பொருளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெயர் சூட்டுவதும் சுவையானது: 13 நாடுகள் பெயர் தருகின்றன, கஜா இலங்கை தந்தது, 2020இல் வெளியான பட்டியலில் இந்தியா தந்த பெயர்களில் 'முரசு' உண்டு. பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது செட்டிநாட்டு நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கடல் வெள்ளத்துக்குப் பயந்த நினைவில்தான் வீட்டை உயரமாகக் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். வழக்கில் சொல்வதற்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச இது நல்ல இடம்.

தமிழுக்குப் பாரதியாரின் புயற்காற்றுக் கவிதை. புதுச்சேரியில் அவர் இருந்தபோது அடித்த புயலைப் பற்றியது. நள வருடம் கார்த்திகை 8, புதன்கிழமை இரவு என்று நாளே குறித்திருக்கிறார். அது 1916. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத் (Project Madurai) தளத்தில் பாரதியார் பாடல்கள் இலவசமாகக் கிடைக்கும்.

இடிந்த வீடுகளும் சடலங்களும் தெரியும் வீடியோக்களைத் தயவுசெய்து போடாதீர்கள். பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பை இழந்த உறவினர் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.