ஆண்டவர் என்னோடு மட்டும் ஏன் பேசுவதில்லை?

கேள்வி: நான் பிறவிக் கிறிஸ்தவள். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பாடகர் குழுவில் பதினைந்து வருடங்களாகப் பாடுகிறேன். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை என்பதால், காலை ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனால் தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. உபவாச ஜெபத்தில் மற்றப் பெண்கள், ‘ஆண்டவர் இன்று என்னோடு பேசினார்’ என்று சாட்சி சொல்லும்போது கூசிப்போகிறேன். அவரோடு தனிப்பட்ட உறவை வளர்ப்பது எப்படி? அம்மா இறந்த பிறகு இந்த வறட்சி அதிகமாகிவிட்டது. — வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மற்றவற்றை விரிவாக எழுதிய நீங்கள், அம்மாவின் மரணத்தை மட்டும் கடைசியில் ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். ஆண்டவரிடமும் அதை அப்படித்தான் சொல்லியிருப்பீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உம்முடைய சித்தம்’ என்று சபையார் முன்னிலையில் சொல்லி முடித்துவிட்டு, மனதுக்குள் எழுந்த கேள்வியை அவரிடம் கேட்காமலே வைத்திருந்தால், அதன் பிறகு எதைச் சொல்லி ஜெபித்தாலும் வார்த்தைகள் வெறுமையாகத்தான் ஒலிக்கும். முக்கியமான ஒன்றைப் பேசாமல் மூடிவைத்த வீட்டில் காய்கறி விலையைப் பற்றிய பேச்சுகூட ஒட்டாமல் போய்விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கேட்பது அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். வேதாகமத்திலுள்ள நூற்றைம்பது சங்கீதப் பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள்தாம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு சொல்லும் இல்லாமலே முடிந்துபோகிறது. அதை யாரும் திருத்தி எழுதாமல் வேதத்துக்குள் அப்படியே வைத்திருப்பது, நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். என் மனைவி இறந்த ஆண்டில், ஞாயிறுதோறும் பிரசங்கபீடத்தில் நின்றுகொண்டே, தனிமையில் 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களைத் தாண்டி என்னால் ஜெபிக்க முடியவில்லை. அப்போது மதுரையில் பணியாற்றினேன். சி.எஸ்.ஐ. ஆயராக இருந்தும், கீழவெளி வீதியிலுள்ள கத்தோலிக்க மரியன்னை பேராலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்காருவேன். அங்கே என்னை ஜெபம் நடத்தச் சொல்பவர் யாரும் இல்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரங்களும் ஜெபமே என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. நாம் வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவரே ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்லுகிறது.

உங்கள் ஜெபத்தின் மொழியையும் சற்றுக் கவனியுங்கள். ‘நீர்’, ‘உம்முடைய’ என்னும் சொற்கள் ஆராதனைக்கு அழகு சேர்ப்பவை. ஆனால் நம் வீடுகளில் யாரும் யாரோடும் அப்படிப் பேசுவதில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிட்டதாக மாற்கு எழுதுகிறார். அந்த ‘அப்பா’ அவர் வீட்டில் பேசப்பட்ட அரமேயச் சொல். அது நம் வீட்டுச் சொல்லாகவும் அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தே நொபிலி, இந்த ஊரின் தமிழைக் கற்றுக்கொண்டுதான் இங்குள்ளவர்களோடு கடவுளைப் பற்றிப் பேசினார். கடவுளோடு பேசுவதற்கு மட்டும் நாம் ஏன் வேறொரு தமிழைத் தேட வேண்டும்? உங்கள் தந்தையிடம் ‘நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்க’ என்று கேட்கும் அதே குரலில் ஆண்டவரிடம் கேளுங்கள்.

மற்றவர்களின் சாட்சியை உங்களுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்னை தெரசா இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள், பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் அருகாமையை உணராமலே ஊழியம் செய்தார் என்பதைக் காட்டின. உணர்வு நின்றுபோனதால் உறவு முறிந்துவிட்டது என்று பொருளில்லை. ‘உங்களைச் சிநேகிதர் என்றேன்’ என்று யோவான் 15இல் முதலில் சொன்னவர் இயேசுதான். நீங்கள் அதற்குப் பதில் சொல்லவே முயல்கிறீர்கள்.

காலையில் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் போதும். மாற்கு நற்செய்தியில் பதினாறு அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒரு சம்பவமாக வாசித்து, அதில் இயேசு யாரைப் பார்த்தார், அவரிடம் என்ன கேட்டார் என்பதைப் பேருந்தில் போகும்போது மனதில் வைத்திருங்கள். அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் அவர் ஜெபித்ததை முதல் அதிகாரத்திலேயே காண்பீர்கள். தூக்கமும் பசியும் குறைந்திருந்தால் தயங்காமல் மருத்துவரையும் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் அம்மாவோடு சேர்ந்து ஜெபித்த பெரியவர்கள் சபையில் யாராவது இருந்தால், ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மா எப்படி ஜெபிப்பார், எதற்காக அழுவார் என்று கேளுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அவர்களையும் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள்.